பாலாநகர் பம்ப்பும் மூன்று மொழிச் சண்டையும்

ஹைதராபாத்தில் இட்லி தின்பதற்கு முன்பே காசு கட்டி டோக்கன் வாங்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அமீர்பேட்டில் ஒரு சந்துக்குள் டிபன் கடை. நான் கோயம்புத்தூர்க்காரி. எங்கள் ஊரில் போய் உட்கார்ந்தால் போதும், தட்டு தானாக வரும், தின்று கை கழுவிய பிறகுதான் பில் வரும். அதே பழக்கத்தில் நேராகத் தட்டு வாங்கும் இடத்தில் போய் நின்றேன். உள்ளே இருந்தவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, கையைப் பார்த்தார். கையில் டோக்கன் இல்லை என்றதும் நான் அங்கே இல்லாத மாதிரி அடுத்தவரைக் கூப்பிட்டார். பின்னால் நின்ற பெண்கள் என்னைச் சுற்றிக் கையை நீட்டி வாங்கிக்கொண்டு போனார்கள்.

திரும்பிப் போய்க் காசு கட்டி, டோக்கனோடு வந்து, நின்றபடியே தின்றேன். இட்லி நன்றாகத்தான் இருந்தது. நிலக்கடலைச் சட்னி, இஞ்சிச் சட்னி, மேலே தூவின காரப்பொடி. சாம்பார் எங்கே என்று கேட்டேன். உண்டு, ஆனால் அதற்குத் தனி டோக்கன் என்றார்கள். சாம்பாருக்கு டோக்கன் கேட்கிற ஊரில் ஜனங்கள் எப்படித்தான் சிரித்த முகத்தோடு இருக்கிறார்களோ!

நான் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிச் சம்பாதிப்பவள். இட்லிக் கடையிலும் புத்தி அங்கேதான் போகும். எங்கள் தொழிலில் டைப் என்று ஒன்று உண்டு. இந்த இடத்தில் எண்தான் வரலாம், இங்கே பெயர்தான், இங்கே தேதிதான் என்று ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு வகை. எண் வர வேண்டிய இடத்தில் பெயர் வந்து நின்றால் அதை யார் தடுப்பது, எப்போது தடுப்பது என்பதில்தான் மொழிக்கு மொழி வேறுபாடு. பைத்தான் எங்கள் ஊர் ஓட்டல் மாதிரி. யாரையும் உட்காரவைத்துவிடும், தகராறெல்லாம் புரோகிராம் ஓடும்போதுதான். ஜாவா இந்த டிபன் கடை மாதிரி. டோக்கன் சரியில்லை என்றால் ஓட்டவே விடாது. இதில் எது நல்லது என்று எங்கள் ஆட்கள் கூடப்பிறந்தவர்களோடு பேச்சை நிறுத்தும் அளவுக்குச் சண்டை போடுவார்கள்.

நான் ஹைதராபாத் வந்ததே அப்படி ஒரு சண்டையைத் தீர்க்கத்தான். பாலாநகரில் ஒரு சின்னத் தொழிற்சாலை, பிறந்த குழந்தைகளுக்கு மருந்து ஏற்றும் பம்ப் செய்கிறது. குறைமாதக் குழந்தைக்கு மருந்தை ஒரேயடியாக ஏற்ற முடியாது. மணிக்கு இத்தனை மில்லி என்று மெதுவாக உள்ளே போக வேண்டும். ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் ஒரு டம்ளர் டீயை ஆற்றிக் கொடுத்துவிடலாம், அவ்வளவு மெதுவாக. மருந்தின் வேகத்தையும், அந்த வேகம் தாண்டவே கூடாத உச்ச அளவையும் வார்டில் ஒரு டேப்லெட்டில் பதிவார்கள். டேப்லெட் பக்கத்தை எழுதியது நான், டைப்ஸ்கிரிப்ட் என்ற மொழியில். அங்கிருந்து தகவல் ஒரு சர்வருக்குப் போகும். அதை எழுதியது கொண்டாப்பூர் அலுவலகத்து ஸ்ராவணி, கோ என்ற மொழியில். சர்வரிலிருந்து பம்ப்புக்குப் போகும். பம்ப்புக்குள் இருப்பது சி மொழி. அதை எழுதியவர் பாலாநகர் ஆறுமுகம் அண்ணா.

போன மாதம் எங்கள் ஊர் மருத்துவமனையிலிருந்து ஒரு நர்ஸ் பம்ப்பைப் பார்க்கப் பாலாநகர் போயிருந்தார். குழந்தை எதுவும் கிடையாது, குழாயின் முனையைக் கண்ணாடிக் குவளைக்குள் விட்டிருந்தார்கள். அவர் ஒரு சந்தேகத்தில், வேகம் இரண்டு என்பதை 2.00 என்று புள்ளி வைத்துப் போட வேண்டிய இடத்தில் வேண்டுமென்றே புள்ளியை விட்டு இருநூறு என்று போட்டுப் பார்த்தார். உச்ச அளவைத் தாண்டிவிட்டதால் பம்ப் அலறி நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. மூடாத குழாய் மாதிரி சொட்டும் சொட்டும் ஒட்டிக்கொண்டு குவளைக்குள் விழுந்தது.

உடனே அங்கே இருந்தவர்கள் பதறிப்போய் பம்ப்பை அணைத்துவிட்டு, அதே இருநூறைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் பம்ப் சமர்த்தாக அலறி நின்றது. பம்ப் கடைசி ஓட்டத்தை மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கும். இவர்கள் ஓட்டி ஓட்டிப் பார்த்ததில் அந்தத் தப்பான ஓட்டத்தின் தடயம் அழிந்தே போனது. தப்பு நடந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்காமல் இன்னொரு தடவை ஓட்டிப் பார்ப்பது எங்கள் சாதிக் குணம், அதாவது புரோகிராமர் சாதி. அதன்பிறகு மூன்று பேரும் போனில் அவரவர் மொழியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம்.

இந்த வாரக் கடைசியில் பம்ப்புகள் கோயம்புத்தூர் வார்டுக்குக் கிளம்ப வேண்டும். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டால்தான் கிளம்பும். நான் போடவில்லை. என் தங்கை மகள் அந்த வார்டில் என் உள்ளங்கை அளவு கிடந்தவள். வார்டில் அன்றும் பம்ப்புகள் போதவில்லை, இன்றும் போதவில்லை. நான் கையெழுத்துப் போடாவிட்டால் ஏதோ ஒரு குழந்தைக்கு பம்ப் இல்லை. போட்டுவிட்டு அந்தத் தப்பு உள்ளே ஒளிந்திருந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. வரும் வழியெல்லாம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

முதல் நாள் பாலாநகர். கடைசல் பட்டறைகளும் இரும்பு வெட்டும் சத்தமுமாக, எனக்குக் கோயம்புத்தூர்ப் பீளமேட்டுப் பக்கம் நடக்கிற மாதிரியே இருந்தது. வெயில் மட்டும் வேறு, எங்கள் ஊர் வெயிலில் கொஞ்சம் காற்று கலந்திருக்கும். தொழிற்சாலை வாசலிலேயே ஆறுமுகம் அண்ணா நின்றிருந்தார். போனில் கேட்ட குரலுக்கு நான் கற்பனை செய்திருந்த ஆள் ஒல்லி. இவர் நன்றாகச் சாப்பிடுகிறவர் என்று பார்த்ததுமே தெரிந்தது, அதனால் பிடித்துப்போனது.

"வாங்க மேடம், எப்ப வந்தீய? டிபன் ஆச்சா?"

"ஆச்சுங்கண்ணா. இங்க சாம்பாருக்குத் தனி டோக்கனாமுங்க?"

"ஹவ், இங்கன எல்லாம் அப்படித்தான். நானும் பொறந்ததுலேருந்து சண்ட போடுதேன், கேக்க மாட்டேங்கான்."

அவருடைய அப்பா அம்பாசமுத்திரத்திலிருந்து இங்கே ஓர் அரசு மின்னணு ஆலைக்கு வேலைக்கு வந்தவராம். இவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் இந்த ஊர்தான். ஆனாலும் திருநெல்வேலித் தமிழ் அப்படியே இருக்கிறது, நடுநடுவே ஆமாவுக்கு ஹவ்வும் வேண்டாமுக்கு நக்கோவும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. வீட்டிலிருந்த மகளிடம் போனில் தமிழில் பேசினார், அவள் தெலுங்கில் பதில் சொன்னது எனக்கே கேட்டது. இருவருக்கும் அதில் ஒரு சிரமமும் இருந்ததாகத் தெரியவில்லை. இந்த வேலைக்கு வருவதற்கு முன் இதே வட்டாரத்தில் பெயிண்ட் பம்ப், எண்ணெய் பம்ப் என்று தொழிற்சாலைகளுக்கு எழுதிக்கொண்டிருந்தவர்.

பகல் முழுக்க உட்கார்ந்து சோதித்தோம். சோதனைக்கு என்றே எங்களிடம் ஒரு குழந்தை உண்டு. பெயர் வைக்காத குழந்தையை வார்டில் தாய் பெயரைச் சொல்லி இன்னாரின் குழந்தை என்றுதான் பதிவார்கள். அதே மாதிரி ஸ்ராவணி ஆரம்பத்தில் 'லட்சுமியின் குழந்தை' என்று ஒன்றை உருவாக்கினாள். எடை, மருந்து, வேகம், உச்ச அளவு என்று ஒரு குறையும் இல்லாத குழந்தை. மூன்று பேரும் அதையே நகல் எடுத்து வைத்துக்கொண்டோம். லட்சுமியின் குழந்தைக்கு இருநூறு போட்டோம், இரண்டாயிரம் போட்டோம், மைனஸ்கூடப் போட்டோம். பம்ப் எல்லாவற்றுக்கும் அலறி நின்றது. எனக்குத்தான் அழுகை வந்தது.

மத்தியானம் அண்ணா தன் டிபன் கேரியரைத் திறந்தார். தேங்காய்ப்பால் சொதி, கூடவே கோங்குரா என்கிற புளிச்சகீரை ஊறுகாய். சொதியும் கோங்குராவும் ஒரே தட்டில் சேரும் என்று யாராவது சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன். சேர்ந்தது.

"சி மொழில இந்தத் தப்பு நடந்திருக்கலாமில்லீங்கண்ணா? அதுல டைப் கட்டுப்பாடு ரொம்ப லேசுதானுங்களே" என்று மெதுவாகப் போட்டுப் பார்த்தேன்.

அவர் கோபப்படவில்லை. "சி-ல டைப்பு இருக்கு மேடம். ஆனா அது போலீசு இல்ல. எழுத்த எண்ணாட்டம் நெனச்சுக்கோன்னு சொன்னா, நீங்க சொன்னா சரிதான்னு போயிரும். அதுக்காவ எல்லாத்தையும் அது தலையில வைக்காதீய. உங்க டைப்ஸ்கிரிப்ட் யோக்கியமா?" என்றார்.

சாயங்காலம் அமீர்பேட்டுக்குத் திரும்பினேன். நான் தங்கியிருந்தது பெண்கள் விடுதி. அந்தத் தெருவில் வீடுகளைவிடப் பயிற்சி நிலையங்கள் அதிகம். பலகைகளில் மொழிப் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்குகின்றன, எங்கள் ஊர் ஜவுளிக்கடைகளில் புடவைப் பெயர்கள் தொங்குவதைப் போல. என் அறையில் இருந்த நிஜாமாபாத் பெண் நேர்முகத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். சுவரைப் பார்த்து ஆங்கிலத்தில் ஒப்பித்தாள். நான் அதே தொழில் என்று தெரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவள் தெலுங்கு எனக்குப் பாதி புரியும். எங்கள் தெருவிலும் தெலுங்கு வீடுகள் உண்டு, ஆனால் அது வேறு தெலுங்கு.

"ஆன்ட்டி, எந்த மொழியின் டைப் முறை ரொம்பப் பாதுகாப்பு? கேட்டால் என்ன சொல்ல?" என்று கேட்டாள்.

"ரஸ்ட் என்று சொல். எல்லோரும் தலையாட்டுவார்கள்."

"ஏன் என்று கேட்டால்?"

"ஒரு தகவல் வரலாம், வராமலும் போகலாம் என்றால் ரஸ்டில் அதை முதலிலேயே சொல்லியாக வேண்டும். வராவிட்டால் என்ன செய்வாய் என்று அது உன்னைக் கேட்கும். பதில் எழுதாமல் நகர விடாது. காட்லினிலும் கிட்டத்தட்ட அப்படித்தான், வராமல் போகலாம் என்றால் டைப்புக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட வேண்டும். ஜாவா அந்த விஷயத்தில் ஏமாளி. டோக்கன் இருக்கிறதா என்று பார்க்கும், அது வெற்றுக் காகிதமா என்று பார்க்காது."

அவள் எழுதிக்கொண்டாள். இதெல்லாம் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தும் என் பம்ப் ஏன் நிற்கவில்லை என்று தெரியவில்லையே என்று எரிச்சலாக இருந்தது.

இரண்டாம் நாள் கொண்டாப்பூர் போக வேண்டும். அமீர்பேட் மெட்ரோவில் இரண்டு தடங்கள் சந்திக்கின்றன. அங்கே நாம் ரயில் ஏறுவதில்லை, கூட்டம் நம்மை ஏற்றுகிறது. என்னையும் ஏற்றியது, எதிர்த்திசை ரயிலில். பேகம்பேட் வந்ததும்தான் விழித்தேன். இறங்கித் திரும்பி, ஒருவழியாக ஹைடெக் சிட்டி வந்து, ஆட்டோ பிடித்தேன். மீட்டர் போடச் சொன்னேன். "மீட்டர் நக்கோ மேடம், மீட்டரைப் பார்த்தால் உங்களுக்கும் வருத்தம், எனக்கும் வருத்தம்" என்றார் ஓட்டுநர். பாதி வழியில் வண்டியில் கேஸ் தீர்ந்தது. கொஞ்சம் தள்ளுங்கள் என்றார், தள்ளினேன். வெள்ளைச் சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாகப் போன இரண்டு பேர் கூடச் சேர்ந்து தள்ளினார்கள். கோயம்புத்தூரில் ஆட்டோ தள்ளும்படி ஆகியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். வெளியூரில் என்னவோ எனக்குப் பொறுமை அதிகம்.

ஸ்ராவணி என்னைவிட ரொம்பச் சின்னவள், மெதுவாகப் பேசுகிறவள், ஆனால் விட்டுக்கொடுக்காதவள். நான் வியர்வையோடு உட்கார்வதற்குள் ஆரம்பித்துவிட்டாள். அவள் பேசியது தெலுங்கும் ஆங்கிலமும் கலந்து.

"அக்கா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டைப்ஸ்கிரிப்டில் டைப் எல்லாம் எழுதும்போது மட்டும்தானே? ஓடும்போது அது வெறும் ஜாவாஸ்கிரிப்ட். வாசலில் டோக்கனைக் கிழித்துவிட்டு உள்ளே யாரும் பார்க்காத மாதிரி. கோ மொழியில் அப்படியில்லை. ஓடும்போதும் எண் என்றால் எண்தான். காலி என்பதே கிடையாது, எப்போதும் ஏதாவது ஒரு மதிப்பு இருக்கும். அது எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா?"

எனக்குச் சுருக்கென்றது. நான் டைப்ஸ்கிரிப்டின் அருமை பெருமைகளைச் சொன்னேன். இதுவா அதுவா என்று இரண்டு வகையைச் சேர்த்து ஒரே டைப்பாக்கலாம், கோ மொழியில் அது வருமா என்று கேட்டேன். நேரடியாக வராது என்று ஒத்துக்கொண்டாள், வேறு வழி இருக்கிறது என்றாள். அந்தத் தப்பான ஓட்டம் சர்வர் பதிவில் இருக்குமே என்று கேட்டேன். நோயாளி விவரத்தை அங்கே எழுதி வைக்கக் கூடாது என்று விதி, அதனால் இல்லை என்றாள். இப்படி மத்தியானம்வரை பேசினோம். பேச்சு நாகரிகமாகத்தான் இருந்தது, உள்ளே இரண்டு பேருக்கும் கொதித்தது.

பிரியாணிக்குக் கூட்டிப்போனாள். இதைப் பற்றி நான் ஒன்றும் குறை சொல்வதற்கில்லை. எங்கள் பக்கத்துச் சீரகச் சம்பா பிரியாணிக்கு நான் பரம்பரை விசுவாசி, ஆனாலும் அந்த மிளகாய்ச் சாலன் குழம்போடு இரண்டாம் முறை வாங்கியது நான்தான். சாப்பிட்டு முடித்தபோது ஸ்ராவணி, "அக்கா, ராத்திரி எல்லாம் எனக்கு அந்தக் குவளைதான் கண்ணில் நிற்கிறது. அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன்" என்றாள். அப்போதுதான் எனக்கு அவள்மேல் கோபம் போனது. நாளைக்கு நீயும் பாலாநகர் வா, மூன்று பேரும் ஒரே அறையில் உட்காருவோம் என்றேன்.

மூன்றாம் நாள் காலையிலேயே தொழிற்சாலை முதலாளி ராவ் வந்து நின்றார். மரியாதையான மனிதர், ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவர். லாரி நாளை சாயங்காலம் என்றார். கிளம்புமா கிளம்பாதா என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். லட்சுமியின் குழந்தையை மறுபடியும் தொட்டிலிலிருந்து எடுத்தோம். மறுபடியும் பம்ப் ஒழுங்காக நின்றது. அதற்குள் மத்தியானமும் ஆகிவிட்டது.

பசிக்கு மட்டும் குறைவில்லை. மெயின் ரோட்டில் ஓர் ஆந்திரா மெஸ், அளவில்லாச் சாப்பாடு. பருப்பு, நெய், பொடி, பப்பாளிக்காய்க் கூட்டு என்று பரிமாறுகிறவர் ஓடிக்கொண்டே இருந்தார். எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. அவர் சோற்று வாளியோடு பக்கத்தில் வந்தபோது என் வாய் நிறையச் சோறு, அதனால் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒரு கரண்டி வைத்தார். நான் விழித்தேன். இன்னொரு கரண்டியும் வைத்தார்.

ஆறுமுகம் அண்ணா சிரித்தார். "கைய மறிச்சாத்தான் நிப்பாட்டுவான் மேடம். நீங்க ஒண்ணும் சொல்லலேன்னா அளவே கெடையாதுன்னு அர்த்தம், அவன் பாட்டுக்குப் போட்டுக்கிட்டே..."

வாக்கியத்தை முடிக்கவில்லை. கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார். முகம் மாறிவிட்டது.

"மேடம், உச்ச அளவுப் பெட்டிய நர்ஸம்மா நெரப்பாம விட்டா, நீங்க என்னத்த அனுப்புவீய?"

"ஒண்ணும் அனுப்பறதில்லீங்கண்ணா. காலியா இருந்தா அந்தப் பெட்டிய விட்டுப்போட்டு மத்தத மட்டும் அனுப்பும். டாக்டர் பின்னால வந்து எழுதுவாருன்னுதானுங்க அதைக் காலியா விட அனுமதிச்சிருக்கறேன். அவங்களே கேட்டதுங்க."

ஸ்ராவணி பக்கம் திரும்பித் தெலுங்கில் கேட்டார்: "அவர்கள் அனுப்பாவிட்டால் உன் பக்கம் என்னம்மா இருக்கும்?"

"பூஜ்யம், அங்கிள். கோ மொழியில் எண் வராவிட்டால் தானாகவே பூஜ்யம்" என்று சுறுசுறுப்பாகச் சொன்னாள். சொல்லி முடித்ததும் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "உங்களுக்குப் பூஜ்யம் வந்தால் என்ன அங்கிள்?"

அண்ணா இடது கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். எனக்குத் தமிழில்தான் சொன்னார். "பெயிண்டு பம்பு, எண்ண பம்பு எல்லாத்துக்கும் பாலாநகர்ல ஒரே வழக்கம்தான் மேடம். உச்ச அளவு பூஜ்யம்னா, அளவு கெடையாது, ஓட்டுன்னு அர்த்தம். எல்லாக் கம்பெனியிலயும் அப்படித்தான் எழுதுவோம். அதே கைப்பழக்கத்துல இதுலயும் எழுதிட்டேன்."

எங்கள் சோதனையில் இது ஏன் அகப்படவில்லை என்று உடனே புரிந்தது. லட்சுமியின் குழந்தைக்குக் காலிப் பெட்டியே கிடையாது, அன்று பதறிப்போய் ஓட்டிப் பார்த்தவர்களும் அதையேதான் ஓட்டினார்கள். அந்த நர்ஸ் அன்றைக்கு எங்கள் குழந்தையைத் தொடாமல் புதிதாக ஒரு குழந்தையைப் பதிந்திருக்க வேண்டும். கையைக் கழுவாமலே இடது கையால் அவருக்குப் போன் போட்டேன்.

"ஆமாங்க மேடம், புதுக் குழந்தைன்னா புதுசாத்தான பதியோணும்? உச்ச அளவு டாக்டர் எழுதறதுங்க. அவர் பெட்டிய நான் எப்பிடிங்க நெரப்பறது?" என்றார் அவர். கேட்க வேண்டியதை ஒரு மாதமாக யாரும் அவரிடம் கேட்கவில்லை.

போனை வைத்தபோது எனக்குப் பயமும் நிம்மதியும் ஒன்றாக வந்தன. டைப்ஸ்கிரிப்ட் வழக்கப்படி காலியை நான் விட்டுவிட்டேன். கோ வழக்கப்படி அது பூஜ்யமானது. பாலாநகர் வழக்கப்படி அந்தப் பூஜ்யம் ஓடு என்று சொன்னது. மூன்று மொழியிலும் ஓர் இடத்திலும் டைப் தப்பவில்லை. எண் வர வேண்டிய இடத்தில் எண்தான் வந்தது.

ஆறுமுகம் அண்ணா மிச்சத்தைச் சாப்பிடவில்லை. "பச்சப் புள்ளைக்குப் போயிருந்தா மேடம்" என்று மட்டும் சொன்னார். ஸ்ராவணிக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் அவர் முதுகில் கையை வைத்தாள். போகவில்லையே அண்ணா, போகவில்லை என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன், எனக்கும் சேர்த்துத்தான்.

திரும்பி வந்து ராவிடம் சொன்னோம். பம்ப்பையே ரஸ்டில் எழுதியிருந்தால் இது வந்திருக்காதே என்று கேட்டார், யாரிடம் கேள்விப்பட்டாரோ. ஸ்ராவணிதான் பதில் சொன்னாள். ரஸ்ட் தன் வீட்டுக்குள் வராத தகவலைப் பற்றிக் கேள்வி கேட்கும், ஆனால் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குப் போவது வெறும் எழுத்து, சர்வரே பூஜ்யம் என்று எழுதி அனுப்பிவிட்டால் ரஸ்டும் அதை எண் என்று நம்பி வாங்கிக்கொள்ளும் என்றாள். அது சரிதான். நேற்று இருவரும் அப்படிச் சண்டை போட்டோமே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

நான்காம் நாள் திருத்தினோம். உச்ச அளவு வெறும் எண்ணாக இருப்பதை முதலில் நிறுத்தினோம். அது இரண்டில் ஒன்று: டாக்டர் எழுதிய அளவு, அல்லது இன்னும் எழுதவில்லை. இரண்டும் தனித்தனி டைப். இன்னும் எழுதவில்லை என்பதை எந்த மொழியும் எண்ணாக எடுத்துக்கொள்ளவே முடியாது. நான் அந்த ஒரு வரியை மாற்றினதும் திரை முழுக்கச் சிவப்பாகிவிட்டது. உச்ச அளவை வெறும் எண் என்று நம்பி எழுதிய இடமெல்லாம் வரிசையாகக் கத்தின. வேறு நாளாக இருந்தால் தலையில் கையை வைத்திருப்பேன். அன்றைக்கு ஒவ்வொரு சிவப்பையும் வாம்மா வா என்று வரவேற்றுத் திருத்தினேன்.

ஸ்ராவணி, வராத தகவலைப் பூஜ்யமாக்காமல் வரவில்லை என்றே தெரிந்துகொள்ளும்படி மாற்றினாள். ஆறுமுகம் அண்ணாவுக்குத்தான் கஷ்டம். சி சிவப்புக் காட்டாது. பாலாநகர் வழக்கத்தை அடியோடு எடுத்துவிட்டு, பூஜ்யம் என்றால் நில் என்று எழுதினார். பிறகு உச்ச அளவு வருகிற ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படித்தார், ஸ்ராவணி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் சரி சொன்னாள். இதற்கு நடுவில் யாரோ ஈரானி டீயும் உஸ்மானியா பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தார்கள். அந்த உப்பும் இனிப்பும் கலந்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டே திருத்தியதில் என் கீபோர்டு முழுக்கத் தூள்.

வெயில் தாழ்ந்த பிறகு சோதனை. லட்சுமியின் குழந்தைக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, புதிதாக ஒரு குழந்தையைப் பதிந்தேன். உச்ச அளவுப் பெட்டியைத் தொடவில்லை. வேகம் இருநூறு. குழாய் முனை குவளைக்குள். ஸ்ராவணி கண்ணை மூடிக்கொண்டாள். பொத்தானை அழுத்தினேன்.

பம்ப் ஓடவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது, அலாரம் காதைக் கிழித்தது. குவளை உலர்ந்தே இருந்தது. இருநூறை இரண்டு என்று மாற்றி, பெட்டியைக் காலியாகவே விட்டு மறுபடி அழுத்தினேன். அப்போதும் ஓடவில்லை. டாக்டர் எழுதட்டும், பிறகு ஓடுகிறேன் என்று அடம்பிடித்து நின்றது. ஆறுமுகம் அண்ணா கைதட்ட ஆரம்பித்தார். ஸ்ராவணி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் சத்தம் போட்டுச் சிரித்தேன், கண்ணில் தண்ணீரும் வந்தது.

அலாரம் கேட்டு ராவ் ஓடிவந்தார். எரிகிற சிவப்பு விளக்கையும் எங்களையும் பார்த்தார். "ஏன், ஓடவில்லையா?" என்றார்.

"ஓட மாட்டேன் என்கிறது சார்!" என்றார் அண்ணா, மகள் முதல் மார்க் வாங்கிவிட்டாள் என்கிற குரலில்.

ராவ் என்னைப் பார்த்தார். லாரி வெளியே நின்றிருந்தது. நான் உச்ச அளவைப் பதிந்தேன், வேகம் இரண்டு என்று போட்டு அழுத்தினேன். அலாரம் அடங்கியது. பம்ப்பின் முனகல் மட்டும் கேட்டது. குழாய் முனையில் ஒரு சொட்டு மெல்லத் திரண்டு, கனத்து, குவளைக்குள் விழுந்தது.

"அவ்வளவுதானா?" என்றார் ராவ்.

"அவ்வளவுதான் சார்."

"அடுத்தது?"

"வரும்."

நாலு பேரும் குவளையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ராவ் கடிகாரத்தைப் பார்க்கக்கூட இல்லை. அடுத்த சொட்டு தனக்குரிய நேரத்தில்தான் விழுந்தது. அதைப் பார்த்த பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.